ஆமைத் தொட்டி செய்யக் கொடுப்போர் கவனத்திற்கு

சிங்கப்பூரில் ஆமைத் தொட்டியை அளவு கொடுத்துச் செய்து வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் சிவப்புக் காது ஆமைக்காக, தொழிற்பேட்டை ஒன்றில் தொட்டி செய்து விற்பவரிடம், 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியை 10 மி.மீ. கண்ணாடியில் செய்து, வெயில் காயும் மேடையும் யுவிபி (வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர்) விளக்கும் பொருத்தித் தருமாறு கேட்டு, 780 வெள்ளியை முழுதாகக் கொடுத்தோம். வந்ததோ, மேடை ஒன்றை உள்ளே ஒட்டிய வெறும் மீன் தொட்டி.

எல்லாவற்றிலும் கொடுமையானது விளக்குதான். உணவிலுள்ள கால்சியத்தை ஆமையின் உடல் ஏற்க வைட்டமின் டி3 தேவை. அதைத் தோல் உருவாக்கிக்கொள்ள, ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள யுவிபி கதிர் மேலே பட வேண்டும். எங்களுக்குத் தரப்பட்டது, எந்தக் குறிப்பும் அச்சிடப்படாத, ஊதா நிறம் கலந்து எரியும் சாதாரண எல்இடி விளக்கு. நண்பர் ஒருவரின் யுவி மானியை அதன் நேர்கீழே பிடித்துப் பார்த்தபோது எண் சுழியத்தை விட்டு நகரவே இல்லை. அந்த விளக்கையும் கண்ணாடி மூடிக்கு மேலே பொருத்தியிருந்தார். சாதாரணக் கண்ணாடி யுவிபியைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதால், அங்கே உண்மையான விளக்கை மாட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. (வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் மூடிய சன்னல் வழியே வரும் வெயிலே போதும் என்று நம்புவோர் பலர், அதுவும் இதே காரணத்தால் போதாது.) ஆமையின் ஓட்டு விளிம்பு மென்மையாகத் தொடங்கியதும் விலங்கு மருத்துவரிடம் கொண்டு சென்றோம், கால்சியம் குறைவால் வரும் எலும்பு நோயின் தொடக்கம் என்றார். பேச முடியாத உயிர் அத்தனை காலம் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

மேடையின் சரிவு வழுவழுப்பான அக்ரிலிக்; ஆமையால் ஏற முடியவில்லை. மேடைக்கு அடியில் விட்டிருந்த இடைவெளி, ஆமை நுழைந்தால் ஓடு சிக்கிக்கொள்ளும் அளவுக்குக் குறுகலாக இருந்தது. நீருக்கு அடியில் அப்படிச் சிக்கும் ஆமை மூச்சுவிட மேலே வர இயலாமல் மூழ்கி இறந்துவிடும். கண்ணாடியை அளந்தால் 6 மி.மீ. மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினாலே நீரின் எடை ஏறத்தாழ 160 கிலோ ஆகும் தொட்டியில், முன்பக்கக் கண்ணாடி நடுவில் புடைத்து நின்றது.

இவற்றைக் கேட்டபோது, தாம் உடும்புக்கே கூடு கட்டிக் கொடுத்தவர் என்றும் ஆமைக்கு இது தாராளம் என்றும் பதில் வந்தது. ஊர்வனவற்றில் இங்கே செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி உள்ளவை சிவப்புக் காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும் மட்டுமே. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்திலும் கால்வாய்க் கரைகளிலும் நாம் காணும் உடும்பை வீட்டில் அடைத்து வளர்ப்பது சட்டவிரோதம். உடும்புக் கூட்டைத் தம் தகுதியாகச் சொல்பவரிடம் எதையும் செய்யக் கொடுக்காதீர்கள்.

கண்ணாடியின் தடிமன், விளக்கின் நிறுவனப் பெயர், மாதிரி எண் ஆகிய அனைத்தையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கண்ணாடியைப் பொருத்தியவர் முன்னிலையிலேயே அளந்து பாருங்கள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டத்தின்படி, பொருளை ஒப்படைத்த 6 மாதங்களுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். அவ்வாறு இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவரே. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம். எங்கள் வழக்கில் விளக்கின் விலையை மட்டும் திருப்பித் தருவதாக அவர் சொன்னதை ஏற்க மறுத்து, மருத்துவரின் அறிக்கை, அளவெடுத்த படங்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆகியவற்றுடன் முழுத் தொகையையும் கோரி அங்கே விண்ணப்பித்திருக்கிறோம்.