எம்.என்.டி. கவனிப்பு: வீட்டாரா, சம்பள ஆளா, சிறப்பு மருத்துவக் குழுவா?

மோட்டார் நியூரான் நோய் (எம்.என்.டி., தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல அழிந்துபோகும் நோய்) என்று உறுதியானதும் எல்லோரும் முதலில் தேடுவது மருந்தைத்தான். ரிலுசோல் 1995-லிருந்து இருக்கிறது, ஆயுளைச் சில மாதம் நீட்டிக்கும், போன பலத்தைத் திருப்பித் தராது. எஸ்.ஓ.டி.1 மரபணு மாற்றம் உள்ள சிலருக்கு மட்டும் 2023-ல் டோஃபெர்சென் வந்தது. அதற்கு அப்புறம் பெரும்பாலானோருக்கு மிஞ்சுவது ஒரே கேள்வி: யார் பார்த்துக்கொள்வது?

வீட்டாரை அடிக்க ஆள் இல்லை, ஒரு விஷயத்தில். பேச்சு குழறிப் போன பிறகும் புருவம் லேசாக ஏறினால் தண்ணீரா, தலையணையா என்று மனைவிக்கோ மகனுக்கோ தெரிந்துவிடும். ஆனால் 'நானே பார்த்துக்கறேன், வேற யாரும் வேண்டாம்' என்று ஒருவர் தலையில் எல்லாம் வந்து விழும்போதுதான் சிக்கல், ஏனென்றால் இது பகலோடு முடிகிற வேலை இல்லை, தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை ராத்திரியில் பல தடவை எழுந்து புரட்டிவிட வேண்டும், மறுநாள் காலையில் அதே ஆள்தான் குளிக்கவைத்து, ஊட்டி, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக வேண்டும். இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ ஏதாவது மாற்றம் வருகிறது. முன்பு அன்பாக இருந்தவர் பிடிவாதமாக, அக்கறையே இல்லாதவர்போல ஆகலாம். சம்பந்தமில்லாத நேரத்தில் அடக்க முடியாமல் சிரிப்போ அழுகையோ வருவது வேறு விஷயம், அதற்கு மருந்து உண்டு. இரண்டுமே நோயின் வேலை என்று தெரியாவிட்டால் வீட்டில் மனக்கசப்புதான் மிஞ்சும்.

சம்பளத்துக்கு வரும் ஆள், பழகியவராக இருந்தால், தூக்குவது புரட்டுவது எல்லாம் வீட்டாரைவிட நேர்த்தியாகச் செய்வார். குறை என்னவென்றால் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், புதிதாக வருபவர் நோயாளியைப் பக்கவாதம் வந்தவர் என்றோ, உணர்வில்லாதவர் என்றோ நினைத்துக்கொள்வார். இந்த நோயில் அசைவுதான் போகிறது, தொடு உணர்வு பொதுவாக அப்படியே இருக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுப் போகிறார்கள், அடியில் போன கை இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டிருக்கிறது, காது மடங்கித் தலையணையில் அழுந்துகிறது. வலி முழுசாகத் தெரியும், எடுக்க முடியாது, குரல் போயிருந்தால் சொல்லவும் முடியாது. அதனால் ஒரு தாளில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவிடுங்கள்: மேலே பார்த்தால் ஆம், கண்ணை மூடினால் இல்லை, புரட்டியதும் கையையும் காதையும் பார்க்கவும். ஒரு நேரத்துக்கு மட்டும்தான் ஆள் வைக்கப் பணம் இருக்கிறதென்றால் என் ஓட்டு ராத்திரிக்குத்தான், பகலை எப்படியாவது சமாளித்துவிடலாம்.

பக்கத்தில் இருக்கும் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடமே காட்டுவதா, தூரம் போனாலும் நரம்பியல், நுரையீரல், உணவு, பேச்சு, பிசியோதெரபி எல்லாரும் ஒரே இடத்தில் பார்க்கும் சிறப்பு கிளினிக்கா? இதில் எனக்குக் குழப்பமே இல்லை. அயர்லாந்தில் 2003-ல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட கிளினிக்குக்குப் போனவர்கள் பொது நரம்பியல் பிரிவில் பார்த்தவர்களைவிட ஏழரை மாதம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். காரணம் அதிசய மருந்து எதுவும் இல்லை, விஷயங்களைச் சரியான நேரத்தில் கேட்பார்கள், அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. காலையில் எழுந்ததும் தலைவலியா, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுகிறதா என்று கேட்டால் மூச்சுத் தசை பலவீனமாவதைச் சீக்கிரம் பிடித்துவிடலாம், முகமூடி வழியாக மூச்சுக்குத் துணைசெய்யும் கருவியை நேரத்தோடு தொடங்கலாம். 2006-ல் வந்த சோதனையில், பேச்சும் விழுங்கலும் ரொம்பக் கெடாதவர்களுக்கு அந்தக் கருவி சுமார் 205 நாள் ஆயுளைக் கூட்டியது. இதையெல்லாம் கேட்காமல் வெறும் ஆக்சிஜன் சிலிண்டரை வாங்கி வைத்துவிடுகிறவர்களும் உண்டு, அது உடம்பில் கரியமில வாயு தேங்குவதை இன்னும் மோசமாக்கலாம். வயிற்றில் உணவுக்குழாய் போடுவதும் அப்படித்தான், மூச்சுத் திறன் ரொம்பக் குறைவதற்கு முன்னால் போடுவதே பாதுகாப்பு. பயணம்தான் பெரிய பாடு. சிறப்பு கிளினிக்கில் அவ்வப்போது, இடையில் பக்கத்து மருத்துவரிடம், அந்தக் குழுவோடு போனிலோ வீடியோவிலோ என்று பிரித்துக்கொண்டால் ஓரளவு தாங்கும்.

வலி நிவாரணக் குழு (பாலியேட்டிவ் கேர், அதாவது வேதனையைக் குறைத்துத் துணைநிற்கும் குழு) என்றால் 'கைவிட்டுட்டாங்க' என்று நினைப்பவர்கள் அதிகம். இந்த வகைக் கவனிப்பின் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸ் 1967-ல் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸிலேயே (கடைசிக்கால நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லம்) ஆரம்பத்திலிருந்து இந்த நோயாளிகளையும் பார்த்திருக்கிறார்கள். எச்சில் வடிதல், தசைப்பிடிப்பு, மூச்சுத் திணறலால் வரும் பயம் எல்லாவற்றுக்கும் இந்தக் குழுக்களிடம் வழி இருக்கிறது, மற்ற சிகிச்சையை நிறுத்தவும் வேண்டாம். முக்கியமாக, தொண்டையில் துளை போட்டு வென்டிலேட்டரில் வைப்பதா என்ற பேச்சை நோயாளி தெளிவாகப் பதில் சொல்லக்கூடிய காலத்திலேயே எடுப்பவர்கள் அவர்கள்தான். இதே நோய் இருந்த விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங் 1985-ல் அந்தத் துளைக்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார், சரி, ஆனால் அவரைச் சுற்றி நாள் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். எல்லா வீட்டிலும் அது நடக்காது.

மிச்சம் ஆதரவுக் குழுக்கள். நேரில் கூடும் குழுவில் சக்கர நாற்காலியையோ கழுத்துப் பட்டையையோ தொட்டுப் பார்க்கலாம், ஆனால் நோய் முற்றிய நிலையில் இருப்பவரைப் பார்த்து ஆரம்பத்தில் இருப்பவர் கலங்கிப்போகவும் கூடும். ஆன்லைன் குழு நடுராத்திரியிலும் விழித்திருக்கும், மூக்குத் தண்டில் முகமூடி காற்றுக் கசிந்தால் என்ன செய்வது என்று உடனே பதில் வரும், கூடவே ஸ்டெம் செல் ஊசியால் குணமாகும் என்று விற்க வருபவரும் வருவார். நோயாளி நேர்க்குழுவுக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து முடிவு பண்ணட்டும், பார்த்துக்கொள்பவர் ஆன்லைனில் இருக்கட்டும். எதில் சேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, பின்னால் கருவி வழியாகத் தன் குரலிலேயே பேசுவதற்காகக் குரலைப் பதிவுசெய்து வைக்கும் வழியைத்தான், பேச்சு குழறத் தொடங்கிய பிறகு அதற்கு நேரம் மிகக் குறைவு.