ஆறு வருஷம், ஒரே மயில் லோகோ: லிங்க் செய்து பார்த்த அனுபவம்

ஒரு ஜவுளிக்கடைக்கு ஆறு வருஷமாக நான்தான் டிசைன். கேட்லாக், கட்டைப்பை, ஃபிளெக்ஸ், பில் புக் என்று எதை எடுத்தாலும் அதே மயில் லோகோ, அதன் கீழே முகவரியும் போன் நம்பரும். லோகோவை வரைவது இல்லஸ்ட்ரேட்டரில், பக்கங்களை அமைப்பது இன்டிசைனில், புடவைப் படங்களைச் சரிசெய்வது போட்டோஷாப்பில். ஆரம்பத்தில் எல்லாம் காப்பி-பேஸ்ட்தான். கடைக்காரர் "தம்பி, நம்பரை மட்டும் மாத்திடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், நான் ராத்திரி உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தேடி மாற்றுவேன், எப்படியும் ஒன்று கண்ணில் படாமல் தப்பிவிடும்.

அப்புறம்தான் ஒழுங்காக பிளேஸ் கொடுத்து லிங்க் செய்ய, அதாவது லோகோவை ஒட்டாமல் மூல ஃபைலோடு இணைத்து வைக்க, ஆரம்பித்தேன். லோகோவும் முகவரியும் நம்பரும் இருக்கும் மூல ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர்) ஃபைல் ஒன்றே ஒன்று. அதை மாற்றி சேவ் செய்தால் இன்டிசைன் லிங்க்ஸ் பேனலில் மஞ்சள் முக்கோணம் வரும், ஆல்ட்டை அழுத்திக்கொண்டு அப்டேட் பட்டனைத் தட்டினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும். பக்கத்தில் இருக்கும் லோகோ மேலேயே ஆல்ட்டோடு டபுள் கிளிக் செய்தால் இல்லஸ்ட்ரேட்டர் திறக்கும். மாற்றி சேவ் செய்துவிட்டுத் திரும்பினால் அப்டேட்கூடக் கேட்காது. ஒருமுறை சைஸைக் குறைக்கிறேன் என்று ஏஐயை சேவ் செய்யும்போது வரும் பிடிஎஃப் கம்பாட்டிபிள் டிக்கை எடுத்துவிட்டேன், மயில் இருந்த இடத்தில் ஒரு ஆங்கில அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. அந்த டிக் மேல் அப்புறம் கை வைக்கவே இல்லை.

நான் உண்மையில் மாட்டிக்கொண்டது ஆடித் தள்ளுபடி கேட்லாக்கின் அட்டையில். போட்டோஷாப்பிலும் 2014-இலிருந்து லிங்க்ட் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (வெளி ஃபைலோடு இணைந்த லேயர்) இருக்கிறதே என்று, அட்டைப் படத்தின் பிஎஸ்டிக்குள்ளேயே (போட்டோஷாப் ஃபைல்) லோகோவை லிங்க் செய்து, அந்த பிஎஸ்டியை இன்டிசைனில் வைத்திருந்தேன். நம்பர் மாறியது. ஏஐயை மாற்றினேன், இன்டிசைனில் அப்டேட் கொடுத்தேன், ஒரு மஞ்சள் முக்கோணம்கூட மிச்சமில்லை. சந்தோஷமாக பிடிஎஃப் எடுத்து அனுப்பிவிட்டேன். 2,000 பிரதி அடித்து வந்தபோது உள்ளே 32 பக்கமும் புது நம்பர், அட்டையில் மட்டும் பழைய நம்பர்.

விஷயம் இதுதான்: இன்டிசைன் பிஎஸ்டி மாறியதா என்று மட்டும்தான் பார்க்கும், அதற்குள் இருக்கும் லிங்க்கை எட்டிப் பார்க்காது. போட்டோஷாப்போ, பிஎஸ்டி திறந்திருக்கும்போது மூலம் மாறினால்தான் தானாக அப்டேட் செய்யும். மூடியிருந்தபோது மாறியிருந்தால் நாமே திறந்து, 'அப்டேட் மாடிஃபைட் கன்டென்ட்' கொடுத்து, சேவ் செய்ய வேண்டும். தப்பு முழுக்க என்னுடையது, ஸ்டிக்கர் அடித்து 2,000 அட்டையிலும் ஒட்டிய கூலியும் என்னுடையதுதான்.

அதிலிருந்து பிஎஸ்டிக்குள் லோகோ கிடையாது. போட்டோஷாப்பில் படம் மட்டும், அதன் மேல் லோகோவை இன்டிசைனில் நேரடியாக வைக்கிறேன். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் உள்ளே வெக்டராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோடுகளாக) இருந்தாலும் பிஎஸ்டி வழியாக இன்டிசைனுக்கு வரும்போது பிக்சல் புள்ளிகள்தான், பொடி எழுத்தில் முகவரி இருந்தால் ஓரம் மங்கும். நேராக வைத்த ஏஐ கடைசி வரை வெக்டராகவே போகும்.

ஃபைல் பெயரில் 'ஃபைனல்', 'ஃபைனல்2' எல்லாம் வேண்டாம், பெயர் மாறினால் லிங்க் புது ஃபைலைப் பிடிக்காது. பெயரை அப்படியே வைத்து, பழையதைத் தேதி போட்டு வேறு ஃபோல்டருக்குத் தள்ளிவிடுகிறேன். பிளேஸ் செய்யும்போது இம்போர்ட் ஆப்ஷனில் 'டிரிம்' வைத்தால் ஆர்ட்போர்டுதான் (இல்லஸ்ட்ரேட்டரில் நாம் வைத்த பக்க அளவு) எல்லை. 'பவுண்டிங் பாக்ஸ்' (வரைந்ததைச் சுற்றிய எல்லை) வைத்தபோது கீழே ஒரு வரி சேர்த்ததற்கே அளவு மாறி லோகோ நகர்ந்துபோனது. வேலை முடிந்ததும் இன்டிசைனில் பேக்கேஜ், அதாவது இணைத்த ஃபைல்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ப்பது. லிங்க்ஸ் ஃபோல்டரோடு எடுத்து வைத்தால் வேறு கம்ப்யூட்டரிலும் திறக்கலாம்.

கட்டைப்பை மட்டும் இன்னும் இந்த லிங்க்குக்குள் வரவில்லை. ஸ்கிரீன் பிரின்டிங் அண்ணனுக்கு கோரல்டிரா சாஃப்ட்வேரில், ஒரே கலரில், எழுத்தைக் கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கின ஃபைல்தான் வேண்டும். போன மாதம் வாட்ஸ்அப் நம்பர் சேர்க்கச் சொன்னபோது கேட்லாக் பத்து நிமிஷம், பைக்கு ஒரு மதியம் போனது.