மூன்று தலைமுறை சேர்ந்து போக: ஹேவ்லாக்கா, நீல் தீவா?

தாத்தா பாட்டி முதல் பேரன் பேத்தி வரை எல்லோரையும் ஒரே பயணத்தில் கடலோரத்துக்கு அழைத்துச் செல்ல நினைக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெரும்பாலும் மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான் ஆகிய மூன்று பெயர்களுக்குள்தான் சுற்றி வருகின்றன. மாலத்தீவுக்கு இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. கடலின் அழகிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்குள்ள சுற்றுலா விடுதிகள் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்தவை. விடுதியை விட்டு வெளியே போய் ஒரு கடைத்தெருவைப் பார்க்கவோ, வேறு சாப்பாடு தேடவோ வழியில்லாமல், இரண்டாம் நாளே பெரியவர்களுக்குச் சலிப்புத் தட்டிவிடும். தண்ணீரின் மேல் கட்டிய அறைகள் படத்தில் எவ்வளவு கவர்ந்தாலும், நடை பழகும் குழந்தை உள்ள வீட்டாருக்கு அவை நிம்மதியான தூக்கத்தைத் தரமாட்டா. லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கே நுழைவு அனுமதி தேவை. தங்கும் இடங்களும் குறைவு. எனவே இந்த மதிப்பீடு அந்தமானைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, அங்கே போனபின் ஹேவ்லாக், நீல் ஆகிய இரு தீவுகளில் எதில் அதிக இரவுகள் தங்குவது என்ற கேள்வியைப் பற்றியது.

சென்னையிலிருந்து விமானத்தில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தை ஒட்டிய பொழுதில் அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேரில் இறங்கிவிடலாம். கடவுச்சீட்டு வேண்டாம், நாணயம் மாற்ற வேண்டாம், ஆட்டோ ஓட்டுநரிடமோ மருந்துக்கடையிலோ தமிழில் பேசினால் பதில் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். பெயர்களில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். 2018 இறுதியில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவு ஷஹீத் த்வீப் என்றும், 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாற்றம் பெற்றன. பயணச்சீட்டில் ஒரு பெயரும் வாய்ப்பேச்சில் வேறொரு பெயரும் புழங்குவதால், முன்பதிவு செய்யும்போது இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒரு தீவு குடும்பத்துக்கு ஏற்றதா என்பதை நான் அளக்கும் விதம் எளியது. வீட்டின் மூத்தவர், யாராவது வண்டி பேசி அழைத்துப் போகட்டும் என்று காத்திராமல், தம் விருப்பப்படி கடற்கரைக்குப் போய்த் திரும்ப முடிகிறதா? குழந்தை நீரில் விளையாடும்போது, பக்கத்தில் நிற்கும் பெற்றோர் ஒவ்வோர் அலைக்கும் பதறாமல் இருக்க முடிகிறதா? இந்த இரண்டும் அமைந்துவிட்டால், அறையில் தொலைக்காட்சி பெரிதா சிறிதா, காலை உணவில் எத்தனை வகை என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

தீவுகளுக்கு முன் படகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் களைத்துப் போவது கடற்கரையில் அல்ல, படகுத்துறையில்தான். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் வேகப்படகுகள் சுமார் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரமும், அரசுப் படகு அதைவிடச் சற்று அதிகமாகவும் எடுத்துக்கொள்கின்றன. ஹேவ்லாக்கிலிருந்து நீல் தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். இது அதிகமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அடையாள அட்டையைக் காட்டுவது, பெட்டிகளைச் சோதனைக்குக் கொடுப்பது, வெயிலில் வரிசையில் நிற்பது, ஆடும் படகுக்குள் சாய்வுப் பலகை வழியே கால் வைப்பது ஆகியவற்றையும் சேர்த்தால், ஒவ்வொரு படகுப் பயணமும் அரை நாளை விழுங்கிவிடும். வேகப்படகுகள் பலவும் நான்கு பக்கமும் மூடிய குளிர்சாதனக் கூடங்கள். கடல் சற்றுப் புரண்டால் காற்று வாங்க வெளியே போய் நிற்கக்கூட முடியாது. முன்வரிசை இருக்கைகளைத் தவிர்த்து, கீழ்த்தளத்தில் நடுவிலோ பின்பக்கமோ இடம் கேட்டு வாங்குவது நலம், ஏனெனில் அலையில் அதிகம் எழும்பி விழுவது படகின் முன்பகுதிதான். குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்பியபின் விழுங்குவதில் பயனில்லை. அதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைக் குடும்ப மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அரசுப் படகில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் தீவுவாசிகளின் அன்றாடப் போக்குவரத்தே அதுதான் என்பதால், பத்துப் பேர் கொண்ட குடும்பம் அதில் இருக்கை கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது.

இனி ஹேவ்லாக். இந்தத் தீவின் புகழுக்குக் காரணம் மேற்குக் கரையிலுள்ள ராதாநகர் கடற்கரை. 2004ஆம் ஆண்டு டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று பாராட்டியதும் இதைத்தான். தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு உலக அளவில் தரப்படும் நீலக்கொடிச் சான்றிதழை 2020இல் பெற்றதும் இதுவே. அந்தப் புகழ் மிகையில்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மணல்வரை சமதளமான சிறு நடைதான், கைத்தடியோடு வருகிறவர்களும் சிரமமின்றி வந்துவிடலாம். மணலின் ஓரம் முழுவதும் வானளாவிய மரங்கள் நிழல் பரப்பி நிற்கின்றன. பெரியவர்கள் அந்த நிழலில் அமர்ந்தபடி மற்றவர்கள் குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காலில் குத்தும் பாறையோ பவளமோ இல்லாத மணல் தரை, படிப்படியாக ஆழமாகும் நீர், உடை மாற்றும் அறை, கழிப்பிடம் எல்லாம் உண்டு. டிசம்பரில் சூரியன் மாலை 5 மணியை ஒட்டியே மறைந்துவிடுகிறது. கிழக்கே வெகுதொலைவில் இருந்தும் இந்தியாவின் பொது நேரமே இங்கும் கடைப்பிடிக்கப்படுவதால் வரும் விளைவு இது. மதியத் தூக்கம் முடித்துக் காபி குடித்துவிட்டு 4.30 மணிக்குக் கிளம்பலாம் என்று நினைக்கும் நம் வீட்டு வழக்கம் இங்கே செல்லாது.

குறை எங்கே இருக்கிறது என்றால், ஹேவ்லாக்கின் விடுதிகளில் பெரும்பாலானவை ராதாநகரில் இல்லை. அவை கிழக்குக் கரையில், கோவிந்தநகர், விஜயநகர் கடற்கரைகளை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. முன்பதிவுத் தளங்களில் அந்த விடுதிகள் போடும் படங்கள் எல்லாம் கடல் ஏற்றத்தின்போது எடுத்தவை. தென்னை மரத்தடி வரை நீலநீர் ததும்பும். வற்றத்தின்போது அதே இடத்தில் நின்று பார்த்தால், தண்ணீர் எங்கோ தொலைவில் ஒரு கோடாகத் தெரியும். நடுவே பாசி படிந்த கற்களும், இறந்த பவளத் துண்டுகளும், ஆங்காங்கே குட்டைகளும்தான். நீச்சலுடையோடும் பிளாஸ்டிக் வாளியோடும் ஓடி வந்த எங்கள் வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்து, கடலை யார் எடுத்துப் போனார்கள் என்று கேட்டது. பாட்டிக்கு அதில் ஏமாற்றமே இல்லை. புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, குட்டைகளில் ஓடிய நண்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். இருந்தாலும், குளிப்பதற்காக அறை எடுத்தவர்கள் இதை முன்பே தெரிந்திருக்க வேண்டும். கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் மிக அதிகம். இணையத்தில் கிடைக்கும் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்கச் சோம்பல்படுகிறவர்கள், வீட்டுத் தினசரிக் காலண்டரில் பிறையையாவது பார்த்துவிட்டுத் தேதி குறிக்கலாம்.

இதனால் ஹேவ்லாக்கில் நடப்பது என்னவென்றால், ஒவ்வொரு முறை கடலில் இறங்கவும் வண்டி பேசி, தீவின் மறுகரைக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போய் வர வேண்டியிருக்கிறது. இளைஞர்களுக்கு அது பொழுதுபோக்கு. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துச் சுற்றுவார்கள். முழங்கால் வலியுள்ளவரோ, மதியம் கட்டாயம் தூங்க வேண்டிய குழந்தையோ ஒரு நாளில் ஒருமுறைதான் போய்வர முடியும். ராதாநகரிலேயே இருக்கும் ஓரிரு விடுதிகள் மிக விலை உயர்ந்தவை. மூன்று நான்கு அறை தேவைப்படும் குடும்பத்துக்கு அந்தச் செலவு நியாயமா என்பதை அவரவர் பை தீர்மானிக்கட்டும்.

நீல் தீவு சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்கள் குடியேறிக் காடு திருத்திய ஊர். இன்றும் சாலையின் இருபுறமும் வயலும், வாழையும், காய்கறித் தோட்டமும்தான். தென்னிந்தியக் கிராமத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இந்தத் தீவு உடனே பிடித்துப்போகும் என்பது என் அனுபவம். கத்தரிச் செடியைப் பார்த்ததும் வேலியோரம் நின்று, அங்கே வேலை செய்பவரிடம் உரம் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்ட தாத்தாவை நகர்த்துவதற்குள் நாங்கள் சூரிய அஸ்தமனத்தையே தவறவிட இருந்தோம்.

பரத்பூர் கடற்கரை படகுத்துறைக்கு அருகிலேயே இருக்கிறது. ஏற்றத்தின்போது அங்கே நெடுந்தூரம்வரை ஆழமில்லாத, அலையடங்கிய நீர் நிற்கிறது. பவளத்திட்டு வெளிக்கடலின் வேகத்தைத் தடுத்துவிடுவதே காரணம். ஆறு வயதுக் குழந்தை இடுப்பளவு நீரில் நிற்க, தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கலாம். கண்ணாடி அடித்தளப் படகுகளும் இங்கிருந்தே கிளம்புகின்றன. நீந்தத் தெரியாத பாட்டிக்குப் பவளத்தையும் மீனையும் காட்ட அதைவிட எளிய வழி இல்லை. ஏறும் இடத்தில் மட்டும் இருவர் கைகொடுக்க வேண்டும். இங்கும் வற்றத்தின்போது பவளமும் கல்லும் தலைகாட்டும் என்பதை மறைப்பதற்கில்லை. ரப்பர் அடியுள்ள காலணி இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. ஆனால் தீவு சிறியதென்பதால், ஏற்றம் எப்போது வருகிறதோ அப்போது அறையிலிருந்து சில நிமிடங்களில் வந்துவிட முடிகிறது. இந்த ஒரு வசதிதான் என் கணக்கில் நீல் தீவை ஹேவ்லாக்குக்கு மேலே வைக்கிறது. சூரிய உதயத்துக்குச் சீதாபூர், அஸ்தமனத்துக்கு லக்ஷ்மண்பூர். இயற்கைப் பாலம் என்று அழைக்கப்படும் பாறை வளைவைப் பார்க்க வற்றத்தில் வழுக்குப் பாறைகள்மீது நடக்க வேண்டும் என்பதால், பெரியவர்களைக் கரையில் இளநீர்க் கடையில் அமர்த்திவிட்டு மற்றவர்கள் போய்வருவதே முறை.

நீல் தீவின் குறைகளும் சிறியவை அல்ல. மாலை ஏழுக்கு மேல் அங்கே செய்வதற்கு எதுவுமில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்பக் கூடாது, ரொக்கம் கையில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020இல் வந்தபின் இணையம் முன்னைவிட எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது என்றாலும், கைபேசியில் பணம் செலுத்துவது எப்போதும் கைகொடுப்பதில்லை. சாப்பாடு சோறும் பருப்பும் மீனும்தான். சைவம் கிடைக்கும், ஆனால் கடுகெண்ணெய் வாசம் பிடிக்காதவர்கள் சமைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மணல் பூச்சி எனப்படும் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஈ, காலை மாலை வேளைகளில் மணலில் நேராக உட்காருகிறவர்களைக் கடித்து, நாட்கணக்கில் அரிக்கும் தடிப்புகளை விட்டுச்செல்லும். ஒரு தடித்த ஜமுக்காளமும் கணுக்கால் வரை பூசிய தேங்காய் எண்ணெயும் எங்களுக்குப் பெருமளவு உதவின. மருத்துவ வசதி இரு தீவுகளிலும் அடிப்படை அளவில்தான். பெரிய சிகிச்சை என்றால் ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் கடல் கடந்து வர வேண்டும். அண்மையில் இதயச் சிகிச்சை பெற்றவரோ, வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்பவரோ குடும்பத்தில் இருந்தால், இந்த இரண்டு தீவுகளையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தலைநகரில் செல்லுலார் சிறையைப் பெரியவர்கள் தவறவிடக் கூடாது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறையின் ஏழு கிளைகளில் மூன்றே எஞ்சியிருக்கின்றன. மாடிப்படி ஏற முடியாதவர்கள் முற்றத்தில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். பாராடாங் தீவுப் பயணத்தை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள் என்பேன். விடியுமுன் எழுந்து, ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்தினூடே வண்டித் தொடரில் நெடுநேரம் அமர்ந்து, பிறகு படகேறி, பிறகு சுண்ணாம்புக் குகைக்கு நடப்பது முதியவருக்கும் குழந்தைக்கும் தண்டனை. ஒரு பழங்குடியினரின் வாழிடத்தை ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் போக்குவரத்தில் நாமும் சேர வேண்டுமா என்ற கேள்வி வேறு இருக்கிறது.

பருவத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையில் மே மாதத்தைவிட ஏப்ரலே மேல். இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை முதலில் எட்டுவது இந்தத் தீவுகளைத்தான், அதுவும் மே மூன்றாம் வாரத்தை ஒட்டி. அதன்பின் கடல் கொந்தளித்தால் படகுகள் ரத்தாகும். ஏப்ரலில் வெக்கை அதிகம், ஆனால் கடல் அமைதி. அரையாண்டு விடுமுறையில் வானிலை மிக இனியது, கூட்டமும் விலையும் அதற்கேற்ப. எந்த மாதமானாலும், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஸ்ரீ விஜயபுரத்தில்தான் இருக்க வேண்டும். அன்று காலைப் படகை நம்பி மதிய விமானத்தைப் பிடிக்கத் திட்டமிட்டால், ஒரு காற்றழுத்தத் தாழ்வு போதும், பத்துப் பேருடைய பயணச்சீட்டும் வீணாக.

எனவே நான் சொல்லும் வரிசை இது: இறங்கியதும் தலைநகரில் ஓரிரவு ஓய்வு, ஹேவ்லாக்கில் ராதாநகருக்காக மட்டும் இரண்டு இரவு, மீதமுள்ள இரவுகள் எல்லாம் நீல் தீவில், கடைசி இரவு மீண்டும் தலைநகர். முதலில் படகுச் சீட்டை உறுதி செய்துவிட்டு, அதற்கேற்ப அறை பதிய வேண்டும். அறை பதியும்போது தரைத்தளத்தில் அடுத்தடுத்த அறைகள், மேற்கத்தியக் கழிப்பறை, மின்தடையின்போது இரவு முழுவதும் ஓடும் ஜெனரேட்டர் ஆகிய மூன்றையும் தொலைபேசியில் நேரடியாகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கடற்கரையில் பொறுக்கிய சங்கையும் பவளத்தையும் குழந்தைகள் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்பதையும் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். விமான நிலையச் சோதனையில் அவற்றை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிடுவார்கள்.