நார்தர்ன் லைட்ஸ்: கார்பன கப்பல்ல ஏத்தி பக்கத்து நாட்டு கடலுக்கு அடியில வைக்கற சேவை எப்படி இருக்கு

சிமெண்ட் ஆலையில கில்ன், அதாவது சுண்ணாம்புக்கல்ல சுடற பெரிய சூளை பக்கம் பல வருஷம் வேலை பாத்தவன் நான். அதனால இந்த சேவைய பத்தி எழுதறப்ப சொந்த விஷயம் பேசற மாதிரிதான் இருக்கு. சுண்ணாம்புக்கல்ல சூடாக்கினா கல்லுக்குள்ள இருக்கற கார்பன் டை ஆக்சைடு வெளிய வந்துரும், எரிபொருளுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. நிலக்கரிய தூக்கிப்போட்டுட்டு எந்த சுத்தமான எரிபொருளுக்கு மாறினாலும் ஒரு டன் கிளிங்கருக்கு (அரைச்சா சிமெண்ட் ஆகற சுட்ட கட்டி) கிட்டத்தட்ட அரை டன் வாயு கல்லுல இருந்தே வந்துட்டுதான் இருக்கும். "சோலார் போட்டா எல்லாம் சரியாயிடும்"னு யாராவது சொல்றப்ப எனக்கு பதில் சொல்ல வாய் வராது, ஏன்னா எங்க கில்னுக்கு அது பதில் இல்ல. புகைபோக்கியில பிடிச்சு எங்கயாவது பத்திரமா வைக்கணும், வேற வழி எனக்கு தெரிஞ்சு இல்ல.

பிடிக்கறது ஆலைக்காரன் வேலை, சரி. பிடிச்சத எங்க வைக்கறது? அங்கதான் இத்தனை வருஷம் எல்லாரும் நின்னாங்க. ஒரு ஆலை தானே பூமிக்கடியில இடம் தேடி கிணறு தோண்டி குழாய் போட்டு காலம் பூரா கண்காணிக்கறதெல்லாம் நடக்கற காரியமா. நார்வேயில ஈக்வினார், ஷெல், டோட்டல் எனர்ஜிஸ் மூணு பேரும் சம பங்கு போட்டு ஆரம்பிச்ச நார்தர்ன் லைட்ஸ் இந்த பாதிய மட்டும் தனியா பிரிச்சு சேவையா விக்குது. நீங்க வாயுவ பிடிங்க, திரவமாக்கி உங்க துறைமுகத்துல ரெடியா வைங்க, அங்க இருந்து எங்க பொறுப்புன்னு சொல்றாங்க. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா ஒரு ஆலை மேனேஜர் இடத்துல நின்னு பாத்தா இதுதான் பெரிய விஷயம்.

நடக்கற விதம் இதுதான். வாயுவ சுமார் மைனஸ் 26 டிகிரி, 15 பார் (சாதாரண காத்தழுத்தத்த விட சுமார் 15 மடங்கு) அழுத்தத்துல திரவமா வச்சு 130 மீட்டர் நீளக் கப்பல்ல ஏத்தறாங்க, ஒரு கப்பல் 7,500 கன மீட்டர் கொள்ளும். பெர்கன் பக்கத்துல ஓய்கார்டன்ல ஒரு டெர்மினல், அங்க டேங்குல இறக்கி, சுமார் 100 கிலோமீட்டர் கடலடி குழாய் வழியா பம்ப் பண்ணி, கடல் தரைக்கு கீழ 2,600 மீட்டர் ஆழத்துல இருக்கற மணற்பாறைக்குள்ள செலுத்தறாங்க. அந்த பாறை உப்புத்தண்ணி நிறைஞ்ச நுண்துளைப் பாறை, மேல களிப்பாறை மூடி மாதிரி உக்காந்திருக்கு. டெர்மினல் 2024 செப்டம்பர்ல ரெடி ஆச்சு, முதல் வாயு உள்ள போனது 2025 ஆகஸ்ட்ல. அந்த முதல் வாயு எங்க இருந்து வந்துச்சு தெரியுமா, நார்வேயிலயே பிரெவிக்ல இருக்கற ஹைடல்பெர்க் மெட்டீரியல்ஸ் சிமெண்ட் ஆலையில இருந்து. அந்த செய்திய படிச்ச அன்னிக்கு நான் ரொம்ப நேரம் ஃபோன கீழ வைக்கல, ஒரு சிமெண்ட் ஆலை வாயு பூமிக்குள்ள திரும்பப் போகுதுன்னு நம்ம காலத்துல பாப்போம்னு நினைக்கவே இல்ல.

பிரெவிக் வருஷத்துக்கு 4 லட்சம் டன் பிடிக்குது, அந்த ஆலை விடற வாயுவுல பாதி. ஏன் பாதின்னா புகையில இருக்கற வாயுவ உறிஞ்சற அமீன்ங்கற ரசாயனக் கரைசல்ல இருந்து வாயுவ திரும்ப பிரிக்க சூடு வேணும், ஆலையில வீணாப் போற சூட்ட வச்சே அத ஓட்டறாங்க, அந்த சூடு பாதிக்குதான் போதும். மீதிக்கு தனியா எரிச்சு நீராவி பண்ணணும், அப்ப கணக்கே மாறிடும். கில்ன்காரங்களுக்கு இது உடனே புரியும்.

இப்ப இந்த சேவையில எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதிக்கு வர்றேன், அது இஞ்சினியரிங் இல்ல, நாடுகளுக்கு நடுவுல போட்ட ஒப்பந்தம். 1996 லண்டன் புரோட்டோகால்னு ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கு, கடல்ல கழிவு கொட்டறத தடுக்கறதுக்கு. நல்ல உடன்படிக்கைதான், ஆனா கடல்ல கொட்டறதுக்காக கழிவ வேற நாட்டுக்கு ஏற்றுமதி பண்ணக்கூடாதுன்னு அதுல ஒரு விதி, கார்பன் டை ஆக்சைடும் அந்த வலையில மாட்டிக்கிச்சு. 2006ல திருத்தம் கொண்டு வந்து கடல் தரைக்கு அடியில வைக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க, ஆனா சொந்த நாட்டு வாயுவ மட்டும்தான் வைக்க முடியும்ங்கற நிலைமை. 2009ல ஏற்றுமதிக்கும் திருத்தம் போட்டாங்க, அது அமலுக்கு வர மூணுல ரெண்டு பங்கு உறுப்பு நாடுகள் ஏத்துக்கணும், பத்து வருஷம் ஆகியும் அந்த எண்ணிக்கை வரல. கடைசியா 2019லதான், விருப்பப்படற நாடுகள் தங்களுக்குள்ள ஒப்பந்தம் போட்டு தற்காலிகமா அந்த திருத்தத்த பயன்படுத்திக்கலாம்னு வழி விட்டாங்க. அதுக்கப்புறம் 2024 ஏப்ரல்ல நார்வே, பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன் கூட எல்லாம் ஒப்பந்தம் போட்டுச்சு. இது இல்லன்னா கப்பல் கட்டி வச்சாலும் எல்லை தாண்டி ஒரு டன் கூட வந்திருக்காது. கிணறு தோண்டறதுக்கு சில மாசம், இந்த ஒரு சட்டச் சிக்கல அவுக்க பத்து வருஷத்துக்கு மேல, இத யோசிச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அதோட பயனும் தெரியுது. நெதர்லாந்துல யாரா கம்பெனியோட ஸ்லுயிஸ்கில் அமோனியா ஆலை வருஷத்துக்கு 8 லட்சம் டன் தர ஒப்பந்தம் போட்டிருக்கு, டென்மார்க்ல ஓர்ஸ்டெட் ரெண்டு மின் நிலையத்துல இருந்து 4.3 லட்சம் டன், சுவீடன்ல ஸ்டாக்ஹோம் எக்ஸெர்ஜி 9 லட்சம் டன் வரைக்கும். கடைசி ரெண்டும் மரக்கழிவு மாதிரி உயிர்ப்பொருள எரிக்கறதுல வர்ற வாயு, அத பூமிக்குள்ள வச்சா காத்துல ஏற்கனவே இருக்கறதயே குறைக்கற மாதிரி. ஒரு நாட்டுக்கு பாறை இருக்கு, இன்னொரு நாட்டுக்கு புகைபோக்கி இருக்கு, ரெண்டயும் சேக்கறதுக்கு நடுவுல ஒருத்தன் வேணும், அந்த வேலைய இவங்க செய்யறாங்க.

பொறுப்பு விஷயத்துலயும் ஒரு தெளிவு இருக்கு, ஐரோப்பிய சட்டப்படி இடத்த மூடினதுக்கப்புறம் பொதுவா குறைஞ்சது 20 வருஷம் கம்பெனி பாத்துக்கணும், எல்லாம் நிலையா இருக்குன்னு நிரூபிச்ச பிறகுதான் அரசு ஏத்துக்கும். நடுவுல கசிஞ்சா அந்த அளவுக்கு கார்பன் பர்மிட் (கார்பன் வெளிய விடறதுக்கான அனுமதி) வாங்கி கட்டணும். கசியுமான்னு பயப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அதே நார்வே கடல்ல ஸ்லைப்னர் வயல்ல 1996ல இருந்து வாயுவ உள்ள செலுத்திட்டு வர்றாங்க, நில அதிர்வு அலைய வச்சு திரும்பத் திரும்ப படம் எடுத்து அது எங்க நகருதுன்னு பாத்துட்டே இருக்காங்க, மேல இருக்கற பாறை தாங்கிட்டு நிக்குது.

சரி குறைகள். முதல் குறை ஸ்பெக், அதாவது வாயு எவ்வளவு சுத்தமா இருக்கணும்ங்கற நிபந்தனை. வாயுவுல தண்ணி 30 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 30 பங்குக்கு) மேல கூடாது, ஆக்சிஜன் 10 பிபிஎம், சல்ஃபர் ஆக்சைடு 10 பிபிஎம், நைட்ரஜன் ஆக்சைடுக்கும் இறுக்கமான வரம்பு. காரணம் நியாயமானதுதான், தண்ணியும் இந்த ஆக்சைடுகளும் சேந்தா அமிலம் ஆகி கார்பன் ஸ்டீல் குழாய அரிச்சுடும், கடலுக்கடியில 100 கிலோமீட்டர் குழாய யாரும் மாத்திக்கிட்டு இருக்க முடியாது. ஆனா சிமெண்ட் புகையும் குப்பை எரிக்கற ஆலைப் புகையும் எவ்வளவு அழுக்குன்னு எனக்கு தெரியும், இந்த சுத்தத்துக்கு கொண்டு போக ஆலை பக்கத்துல இன்னொரு சின்ன கெமிக்கல் ஃபேக்டரியே கட்டற மாதிரி ஆகும். சேவையோட கட்டணம் தனி, இந்த செலவு தனி, ரெண்டயும் சேத்து பாக்காம யாரும் கையெழுத்து போடக்கூடாது.

ரெண்டாவது, அளவு. முதல் கட்டம் வருஷத்துக்கு 15 லட்சம் டன். ஒரு நடைக்கு எட்டாயிரம் டன்னுக்குள்ள வச்சு கணக்கு போட்டா அதுக்கே இருநூறு நடை கிட்ட வரும். உலகத்துல சிமெண்ட் மட்டும் விடறது வருஷத்துக்கு 150 கோடி டன்னுக்கு மேல. பக்கத்துல வச்சு பாத்தா சின்னதுதான், நான் மறைக்கல. ரெண்டாம் கட்டத்துல குறைஞ்சது 50 லட்சம் டன் ஆக்கறதா 2025 மார்ச்ல முடிவு பண்ணிட்டாங்க, ஐரோப்பிய ஒன்றியம் அதுக்கு 13.1 கோடி யூரோ தருது.

மூணாவது காசு. கட்டண விவரத்த வெளிய போடறது இல்ல, ஒவ்வொரு ஒப்பந்தமும் தனித்தனி பேச்சு. ஆலையில பிடிக்கறதுல இருந்து கடலுக்கடியில வைக்கறது வரைக்கும் சேந்த லாங்ஷிப்ங்கற மொத்த திட்டத்துலயும் செலவுல மூணுல ரெண்டு பங்கு நார்வே அரசு ஏத்துக்கிச்சு, அப்படி இருந்தும் அந்த திட்டத்துல இருக்கற ஆஸ்லோ குப்பை எரிக்கற ஆலை 2023ல செலவு எகிறுதுன்னு வாயு பிடிக்கற வேலைய நிறுத்தி, 2025லதான் திரும்ப தொடங்கினாங்க. அரசு தோள் கொடுக்கலன்னா இந்த சேவை இன்னிக்கு தன் கால்ல நிக்காது. எனக்கு அது தப்பா படல, ரோடும் சாக்கடையும் யாரு லாபத்துக்கா போட்டாங்க, ஆனா வாங்கப் போறவங்க தெரிஞ்சுக்கணும்.

மார்க் கேட்டா அஞ்சுக்கு நாலு கொடுப்பேன், ஒரு மார்க் கட்டணத்த மூடி வைக்கறதுக்காக கழிச்சது. பக்கத்துல டென்மார்க்ல கிரீன்சாண்ட் 2023லயே பெல்ஜியம் வாயுவ பழைய எண்ணெய் வயலுக்குள்ள செலுத்தி காட்டினாங்க, எல்லை தாண்டி கொண்டு வந்து கடலுக்கடியில வச்சதுல அவங்கதான் முதல். ரோட்டர்டாம்ல போர்தோஸ் துறைமுக ஆலைகளுக்கு குழாய் வழியாவே வருஷத்துக்கு 25 லட்சம் டன் எடுத்துக்கற திட்டம், கப்பலே தேவையில்ல. கடலோரமா ஆலைகள் கூட்டமா இருக்கற இடத்துக்கு போர்தோஸ் மாடல் மலிவா வரும்னு நினைக்கறேன், ஆலைகள் சிதறிக் கிடக்கற பகுதிக்கு கப்பல்தான்.

ஆசியாவுல இன்னும் பேச்சு நிலையிலதான் நிறைய இருக்கு. 2021ல ஆசியா சிசியுஎஸ் (கார்பன பிடிச்சு, பயன்படுத்தி, சேமிக்கறது) நெட்வொர்க் ஆரம்பிச்சாங்க, இந்தோனேசியா 2024ல விதி போட்டு சேமிப்பு இடத்துல 30 சதவீதம் வரைக்கும் வெளிநாட்டு வாயுவுக்கு விடலாம்னுச்சு, ஜப்பான் அதே வருஷம் தனிச் சட்டம் கொண்டு வந்துச்சு, மலேசியா 2025ல. இவங்க எல்லாரும் ஒரே ஸ்பெக், ஒரே கப்பல் அழுத்தம், கசிஞ்சா யாரு பொறுப்புங்கறத இப்பவே உக்காந்து பேசி முடிச்சுட்டா நல்லது, கப்பல் கட்டினதுக்கப்புறம் ஒருத்தர் 15 பார் இன்னொருத்தர் 7 பார்னு நின்னா ஒரு டெர்மினல்ல இன்னொரு கப்பல் இறக்க முடியாது. ஏதாவது ஆலையில இந்த சேவைய யோசிக்கறவங்க இருந்தா விலைய கேக்கறதுக்கு முன்னாடி ஸ்பெக் ஷீட்ட கேளுங்க, உங்க புகையில நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவுன்னு ஒரு வருஷ அளவ எடுத்து கையில வச்சுட்டு பேசுங்க.