வேலைநிறுத்தம் செய்பவருக்கு யார் படியளப்பது? சங்க நிதியா, அரசுக் காப்பீடா, நடுவர் மன்றமா?

வேலைநிறுத்தம் தொடங்கிய நாளே சம்பளம் நின்றுவிடும்; வாடகை நிற்காது. அந்தப் பள்ளத்தை நிரப்ப அமெரிக்காவில் பழைய வழி தொழிற்சங்கத்தின் வேலைநிறுத்த நிதி, சில மாநிலங்களில் வந்திருக்கும் புது வழி வேலையின்மைக் காப்பீடு. சிங்கப்பூர் பிடித்திருப்பது வேறு பாதை.

முதலில் சங்க நிதி. 2024இல் போயிங் இயந்திரப் பணியாளர்கள் சுமார் 33,000 பேர் 53 நாள் வேலைக்குப் போகவில்லை. சங்கம் வாரம் 250 டாலர் கொடுத்தது, அதுவும் மூன்றாவது வாரத்திலிருந்துதான். எல்லோரும் வாங்கினால் வாரத்துக்கு 8.25 மில்லியன் டாலர் கரையும். சந்தாப் பணம் என்பதால் வெளியார் கேள்வி கேட்க முடியாது. ஆனால் பை எப்போது காலியாகும் என்று நிர்வாகமும் கணக்குப் போட்டுக் காத்திருக்கும்.

காப்பீட்டில் வாதம் சூடாக இருப்பதற்குக் காரணம், நிதி பெரும்பாலும் முதலாளிகள் செலுத்தும் வரியிலிருந்து வருவதுதான். ‘எனக்கு எதிரான போராட்டத்துக்கு நானே காசு கொடுப்பதா?’ என்பது அவர்கள் கேள்வி. சங்கங்களோ, பட்டினி போட்டுப் பணியவைக்கும் ஆயுதம் மட்டும் ஒரு தரப்பின் கையில் இருக்கலாமா என்று கேட்கின்றன. என் கணிப்பில், பேரம் உண்மையில் நடப்பது காத்திருப்பு நாளில்தான், அதாவது காப்பீட்டுப் பணம் வரத் தொடங்கும்வரை கழிய வேண்டிய நாட்களில். நியூ ஜெர்சி 30 நாளாக இருந்ததை 2023இல் 14 ஆகக் குறைத்தது. இரண்டு வாரத்துக்குள் முடியும் போராட்டத்துக்கு அங்கே ஒரு காசும் வராது. நீளும் போராட்டத்தில்தான் தராசு தொழிலாளர் பக்கம் சாயும். 2026 முதல் வாஷிங்டன் மாநிலம் அதிகபட்சம் 6 வாரம், ஓரிகன் 10 வாரம் தருகின்றன. கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் நியூசம் 2023இல் நிராகரித்தார்: காப்பீட்டு நிதியே மத்திய அரசுக்கு ஏறத்தாழ 20 பில்லியன் டாலர் கடன்பட்டிருந்தது. ஓட்டைக் குடத்தில் இன்னொரு ஓட்டை போட அவர் தயாரில்லை.

இனி நம் சிங்கப்பூர். இங்கே தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்ய ரகசிய வாக்கெடுப்பில் உறுப்பினர்களின் பெரும்பான்மை வேண்டும். தகராறு தொழில் நடுவர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் நிறுத்தம் சட்டவிரோதம். குடிநீர், எரிவாயு, மின்சாரத் துறைகளில் அறவே கூடாது. மற்ற அத்தியாவசியச் சேவைகளில் 14 நாள் முன்னறிவிப்பு தேவை. எண்ணெய்த் துறைச் சாதன நிறுவனமான ஹைட்ரிலில் 1986இல் நடந்த வேலைநிறுத்தம் இரண்டே நாளில் முடிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் படி கொடுப்பதா என்ற கேள்வியே எழுவதில்லை.

2025 ஏப்ரலில் வந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டமும் இதற்குப் பொருந்தாது. முதல் மாதம் 1,500 சிங்கப்பூர் வெள்ளி வரை, அடுத்து 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதமும் 750 என ஆறு மாதத்தில் அதிகபட்சம் 6,000 வெள்ளி. ஆனால் தன் விருப்பமின்றி வேலை இழந்தவருக்கே அது. மாதந்தோறும் வேலை தேடியதற்கான புள்ளிகளும் சேர்க்க வேண்டும். வேலைநிறுத்தக்காரர் வேலையை இழக்கவில்லை, வேறு வேலை தேடவுமில்லை, பழைய இடத்துக்கே நல்ல சம்பளத்தில் திரும்ப நினைப்பவர். அமெரிக்காவிலும் எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொள்ளும் முடிச்சு இதுவே.

இன்னொன்று: 2012 நவம்பரில் பேருந்து ஓட்ட மறுத்த எஸ்எம்ஆர்டி போக்குவரத்து நிறுவன ஓட்டுநர்கள் 171 பேரும் சீனாவிலிருந்து வந்தவர்கள். பேருந்தும் அத்தியாவசியச் சேவை, ஆனால் முன்னறிவிப்பு இல்லை. ஐந்து பேர் சிறை சென்றனர், 29 பேர் ஊருக்கு அனுப்பப்பட்டனர்.