ஆச்சியின் அட்டிகையை உருக்கக் கொடுத்த கதை: பழைய நகை மாற்றப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கடைப் பெயரைக் கேட்காதீர்கள், போடமாட்டேன். என்னிடம் ஆதாரம் இல்லை. இருந்த ஒரே ஆதாரத்தையும் அவர்கள் உருக்கிவிட்டார்கள், அதுவும் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு. ஆனால் என்ன நடந்தது என்று எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தை மாதத்துக் கல்யாணத்துக்காகப் பீரோவைத் திறந்து பழைய நகைகளை எண்ணிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவராவது இதைப் படிக்கட்டும்.

எங்கள் ஆச்சிக்கு 1954இல் கல்யாணம். கெம்புக்கல் அட்டிகை, நடுவில் ஒரு பச்சை. திருநெல்வேலி வீட்டுத் திண்ணையில் ஆசாரி உமிச்சட்டியோடு உட்கார்ந்து, ஊதுகுழலால் ஊதி ஊதி ஒரு மாதத்துக்கு மேல் செய்தது என்று ஆச்சி சொல்வாள். பூட்டையா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, பெட்டியிலிருந்து சவரன் காசுகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ராஜா தலை போட்ட இங்கிலாந்துக் காசு, ஒவ்வொன்றும் 7.988 கிராம், 22 காரட். நாம் இன்றைக்கு எட்டு கிராமைச் சவரன் என்று சொல்வது அந்தக் கணக்கில் வந்ததுதான். தினமும் சாயங்காலம் ஆசாரி எழுந்திருக்கும்போது, செய்த மட்டும் எடை போட்டு வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாராம். திண்ணையைப் பெருக்கிய தூசியைக்கூடக் கொட்டவிடாமல் ஒரு சட்டியில் சேர்த்து வைத்தாராம். ஆசாரி மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, அதுதான் அந்தக் காலத்து முறை. பூட்டையாவின் கொள்ளுப்பேத்தி நான் என்ன செய்தேன் என்பதுதான் மீதிக் கதை.

மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. அட்டிகையில் இரண்டு கல் ஆடிக்கொண்டிருந்தது, பின்பக்கம் அரக்கு லேசாகத் தெரிந்தது. "இதப் போயி யாரும்மா போடுவா" என்று மகள் சொல்லிவிட்டாள். ஐப்பசியில் ஒரு நாள், ஊரே போகும் அந்தப் பெரிய கடைக்கு நானும் அவரும் போனோம். ஏசி, காபி, பாதாம் பால், உட்கார்ந்ததும் "வாங்கம்மா". கவுண்டரில் இருந்த தம்பி அட்டிகையைக் கையில் எடுத்ததுமே முகத்தைச் சுளித்தான். "ஹால்மார்க் இல்லாததை இனி வச்சிருக்கவே கூடாதும்மா. நாளைக்கு விக்கவும் முடியாது, அடகும் வைக்க முடியாது."

இது சுத்தப் பொய் என்று எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது. 2021 ஜூன் 16 முதல் தங்கத்தின் தரம் காட்டும் ஹால்மார்க் முத்திரை கட்டாயம், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு எழுத்து எச்யுஐடி எண் இல்லாமல் விற்கக்கூடாது என்பதெல்லாம் விற்கிற கடைக்காரருக்கான சட்டம். வீட்டிலிருக்கும் பழைய நகையை நாம் வைத்துக்கொள்ளவோ, போட்டுக்கொள்ளவோ, கடையில் கொடுத்து மாற்றவோ எந்தத் தடையும் இல்லை. கல் பதித்த குந்தன், ஜடாவ், போல்கி நகைகளுக்கு அந்தக் கட்டாயத்திலேயே விலக்கு உண்டு. அந்தத் தம்பிக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியாது என்று நான் நம்பவில்லை.

எடை போட்டார்கள்: 41.150 கிராம். காரட் மீட்டர் மெஷினில் முன்பக்கம் ஓர் இடத்தில் வைத்தபோது 89 என்று, அதாவது நூற்றுக்கு 89 பங்கு தங்கம் என்று காட்டியது. இதைத்தான் கடையில் டச் என்பார்கள். நான் பார்த்தேன். "மெஷின் மேல்தோலைத்தான் பாக்கும்மா. உருக்கினாத்தான் உண்மையான டச் தெரியும்" என்றான். சரிதானே என்று நினைத்தேன். பாதி உண்மைதான், அந்த மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும். ஒரு சீட்டை நீட்டினான். உருக்கச் சம்மதம் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

கல் எடுக்கும் வேலை பின்னால் இருக்கும் பட்டறையில். உள்ளே வரலாமா என்று கேட்டதற்கு, "ஆசிட் நெடி வரும்மா, உங்களுக்கு ஒத்துக்காது" என்றார்கள். பாதாம் பால் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து நிமிடம். திரும்பி வந்தபோது கல்லும் அரக்கும் போக 30.200 என்றார்கள். உருக்கியது மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் என் கண் முன்னாடி நடந்தது. எழுபது வருஷத்து நகை ஒரு சின்னக் கட்டியாக வந்து விழுந்தது: 29.100. டச் 82. அதை 916 கணக்குக்கு, அதாவது நூற்றுக்கு 91.6 தங்கம் உள்ள 22 காரட்டுக்கு மாற்றினால் 26.050. பழைய தங்கத்துக்கு இரண்டு சதவீதம் கழிவு. கடைசியில் என் பெயரில் எழுதியது 25.529 கிராம்.

வீட்டுக்கு வந்து ஒரு பழைய ரசீதைத் தேடி எடுத்தேன். 2011இல் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தபோது மதிப்பீட்டாளர் எழுதியது: மொத்தம் 41.200, கல், அரக்கு கழித்து நிகர எடை 33.500. அவர் கண்ணால் பார்த்துப் போட்ட கணக்கு, மில்லி சுத்தமாக இருக்காது. ஆனால் வங்கிக்காரர்கள் கழிக்கும்போது தாராளமாகக் கழிப்பவர்கள், நமக்கு அதிகமாகப் போட்டுத் தரமாட்டார்கள். அவர் கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தது 7.700. கடை கழித்தது 10.950. மூன்றேகால் கிராம் அந்த இருபத்தைந்து நிமிடத்தில் எங்கே போனது?

இந்தக் கேள்வியோடு ஒரு வயதான ஆசாரியிடம் போனேன். எழுபத்தைந்துக்கு மேல் வயது. இன்னும் தெருவோரச் சின்னப் பட்டறையில் திருகு போட்டுக்கொடுத்து, பற்று வைத்து (உடைந்ததைச் சூட்டில் ஒட்டி) கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். பழைய போட்டோவைக் காட்டினேன். ஆச்சி கழுத்தில் அட்டிகை தெளிவாகத் தெரியும் ஸ்டூடியோ படம்.

"உருக்கக் குடுத்துட்டியளா?" என்றார். கொஞ்ச நேரம் வேறு ஒன்றும் பேசவில்லை.

பிறகு அவர் சொன்னதுதான் நான் இந்தப் பதிவை எழுதக் காரணம். அந்த மாதிரி அட்டிகையில் கல்லை நகம் வைத்துப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குழி, குழிக்குள் அரக்கு, கல்லுக்கு அடியில் மினுக்கத்துக்கு ஒரு தகடு. கல்லைச் சுற்றிச் சுத்தத் தங்கத்தை மெல்லிய ரேக்காக அடித்து, மடித்து மடித்து இடுக்கில் அழுத்துவார்கள். குந்தனம் என்பது அதுதான். நகையிலேயே உயர்ந்த தங்கம் அந்த இடுக்கில்தான் இருக்கிறது. கல்லை நெம்பி எடுக்கும்போது அதுவும் கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். அரக்கோடும் கல்லோடும் "கழிவு" என்று ஒதுக்கிவிட்டால், அந்தச் சுத்தத் தங்கம் பட்டறையிலேயே தங்கிவிடும். மிச்சமிருக்கும் உடம்பில் பற்று வைத்த பொடி நிறைய, அதனால் உருக்கினால் டச் இறங்கும். "பொடி வச்சு ஊதின நகை 916 வராதும்மா, அதுல பொய் இல்ல. ஆனா நல்லதை வெளிய எடுத்துட்டு மீதிய மட்டும் டச் பாத்தா எப்படி ஏறும்?" என்றார்.

எடை குறைந்தது, டச் குறைந்தது, இரண்டுக்கும் ஒரே இடத்தில் பதில் இருந்தது. என்னால் இதை நிரூபிக்க முடியாது. ஆனால் கணக்கு ஒத்துப்போகிறது.

அடுத்தது கல். கடையில் கல்லைத் திருப்பித் தர யாரும் முன்வரவில்லை, நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. மறுநாள் போய்க் கேட்டபோது, "அதெல்லாம் கண்ணாடிக் கல்லும்மா, மதிப்பு கிடையாது" என்றார்கள். பரவாயில்லை கொடுங்கள் என்று நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு, பட்டை போட்டு மினுங்கும் கல். ஆச்சியின் கெம்புகள் பட்டை போடாத மொட்டைக் கற்கள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நடுவிலிருந்த பச்சையில் ஒரு விரிசல் உண்டு, ஆச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்த அன்று பட்டது. சின்ன வயதில் அந்த விரிசலை நகத்தால் தடவிக்கொண்டே அவள் மடியில் படுத்திருப்பேன். உறைக்குள் விரிசல் விட்ட கல் எதுவும் இல்லை. ஆச்சியுடையது எல்லாம் பர்மா கெம்பு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், செயற்கைக் கெம்பு 1900களின் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் எனக்கு வந்தது ஆச்சி கழுத்தில் இருந்தவை அல்ல. அது மட்டும் நிச்சயம்.

இனிமேல் சொல்லப்போவதற்கு நீங்கள் சிரித்தாலும் தப்பில்லை. அந்த 25.529 கிராமுக்கு மேல் பணம் போட்டு நான் வாங்கி வந்தது என்ன தெரியுமா? "ஆன்டிக்" அட்டிகை! பழைய காலத்து வேலைப்பாடு, மங்கலான பாலீஷ், கெம்பு மாதிரிக் கல். 32 கிராம், சேதாரம் 22 சதவீதம். அதாவது 7.040 கிராம் தங்கத்தின் விலையைச் சேதாரமாகக் கொடுத்திருக்கிறேன், கிட்டத்தட்ட ஒரு பவுன். அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. கைவேலை என்பதால்தான் சேதாரம் அதிகம் என்று விற்பனைப் பெண் சொன்னாள்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். புது நகையின் எச்யுஐடி எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தேன், 22 காரட் என்று சரியாகவே வந்தது. தங்கத்தில் குறை இல்லை. குறை அந்தக் "கைவேலை" என்ற வார்த்தையில். ஆசாரி அதைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, திருப்பிவிட்டார். பின்பக்கம் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, ஓரங்கள் எல்லாம் மழுங்கி, அங்கங்கே ஊசி முனை அளவு பள்ளம். அச்சில் ஊற்றி எடுத்தது. ஏழு இதழும் ஒரே இதழின் நகல், ஒன்றில் இருக்கும் கீறல் ஏழிலும் இருக்கிறது. ஆச்சியுடையதில் பின்பக்கம் முழுத் தகடு, யாரும் பார்க்காத அந்த இடத்தில்கூட ஒரு கொடி செதுக்கியிருந்தது. கைத்திருகு போட்ட பழைய தோடாக இருந்தால் இடது காதுத் திருகு வலது காதுத் தோட்டில் ஏறாது என்றும் சொன்னார், ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறை வெட்டியிருப்பார்கள்.

அவரிடம் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு பற்றிச் சொன்னார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றதும் அவருடைய அப்பா பட்டறையை மூடிவிட்டு ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போனாராம். 1968இல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாகவே வந்து, 1990இல்தான் போனது. அதற்குள் எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆச்சியின் அட்டிகை 1963க்கு ஒன்பது வருஷம் முன்னால் செய்தது. இப்போது அந்த வேலை வேண்டுமென்றால் நாகர்கோவில் வடசேரிப் பக்கம், கோயில் நகை செய்கிற குடும்பங்களில் விசாரிக்கச் சொன்னார். ஆடின அந்த இரண்டு கல்லை உட்கார வைக்கத் தனக்கு அரை நாள் போதும் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பூட்டி காதைத் தொங்க வளர்த்துப் போட்டிருந்த பாம்படம் ஒரு ஜோடி இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று கடைக்கு அதையும் எடுத்துப் போயிருந்தேன், "இதுல முழுக்க அரக்குதாம்மா, ரெண்டாவது ரவுண்டுல பாக்கலாம்" என்று தள்ளி வைத்ததால் தப்பியது. உருண்டையும் கட்டமும் முக்கோணமும் அடுக்கி, மெல்லிய தகட்டுக்குள் அரக்கு நிரப்பிச் செய்தது. உருக்கினால் எடைக்கு ஒன்றும் தேறாது. ஆனால் லண்டனில் அருங்காட்சியகச் சேகரிப்பில் இதை வைத்திருக்கிறார்கள். ஆசாரியிடம் காட்டினேன். ரசித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கையால நூறு ஜோடிக்கு மேல உருக்கியிருக்கேன். தொங்கின காதைத் தைச்சு மூட்டின பொம்பளைய எல்லாம் வரிசையா கொண்டாந்தாவ" என்றார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கடையிலிருந்து மேலாளர் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். சம்மதச் சீட்டு இருக்கிறது, உருக்கியதை நீங்களே பார்த்தீர்கள், அடுத்த முறை வாங்கும்போது சேதாரத்தில் தள்ளுபடி தருகிறோம் என்றார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் உருகிப்போன நகையை எதை வைத்து நிரூபிப்பது என்று வக்கீல் கேட்டார். வங்கி ரசீதும் ஸ்டூடியோ படமும் போதுமா என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் போவதாக இருந்தால், முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, கல்லை எண்ணி, வெளியே எங்காவது எடை போட்டுவிட்டுப் போங்கள். பிஐஎஸ் அங்கீகாரம் உள்ள ஹால்மார்க் மையத்தில் நம் நகையை நாமே கொடுத்துப் பார்க்கலாம், நான்கு நகை வரை 200 ரூபாய்தான். நான் பாம்படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். கல் எடுப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாத அறையில் என்றால், நகையைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். பாதாம் பாலைக் குடித்துவிட்டே வரலாம், தப்பில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மணவறையில் என் மகளின் கழுத்தைச் சித்தி தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மையோட அட்டியலத்தான் பாலீஷ் போட்டியா? அப்படியே இருக்கே" என்றாள். கண் சரியாகத் தெரியாது அவளுக்கு. ஆமா சித்தி என்று சொல்லிவிட்டேன்.