உசிக்கா, ஃபியூரியா: கால்களைப் பார்த்து எடுத்த முடிவு

2024 மே மாதம் வரை குத்துச்சண்டையில் நான் பிரிட்டன் வீரர் டைசன் ஃபியூரி கட்சி. இன்று யார் கேட்டாலும், அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் இந்தத் தலைமுறையின் முதலிடம் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்குக்குத்தான் என்பேன். இடையில் என்ன நடந்தது என்று என் பெரியப்பா மகன் விடாமல் கேட்கிறார். அவர் இன்னும் ஃபியூரி பக்கம்தான். "டேய், அந்த உயரத்துக்கு முன்னாடி இவன் எம்மாத்திரம்?" என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இதே பிரிவில் சாம்பியன்களாக இருந்த ஆந்தனி ஜோஷுவாவும் டியோன்டே வைல்டரும் இந்த முதலிடப் போட்டியில் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. 2017-இல் லண்டன் வெம்ப்லியில், நீண்ட காலம் சாம்பியனாக இருந்த விளாதிமிர் கிளிட்ச்கோவை 11-வது சுற்றில் நிறுத்திய ஜோஷுவாவை மறக்க முடியாது. ஆனால் உசிக்கிடம் இரண்டு முறை தோற்றார். வைல்டரின் வலது கை ஒரே அடியில் சண்டையை முடிக்கும். அந்தக் கை போய்ச் சேராத இரவுகளில் அவரிடம் வேறு வழி இருக்கவில்லை. ஆக, போட்டி இரண்டு பேருக்குள்தான்.

ஃபியூரியின் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 2015 நவம்பரில் ஜெர்மனியின் டுசெல்டோர்ஃபில், கிளிட்ச்கோவுக்குச் சொந்த ஊர் போலிருந்த இடத்திலேயே அவரை வென்றவர். அதன்பின் மனச்சோர்விலும் போதையிலும் விழுந்து, இரண்டரை ஆண்டு ரிங் பக்கமே வராமல் இருந்து, உடம்பு கிட்டத்தட்ட 180 கிலோவுக்கு ஏறி, அதையும் குறைத்துத் திரும்பி வந்தார். 2018 டிசம்பரில் வைல்டரின் அடியில் 12-வது சுற்றில் மல்லாந்து விழுந்தவர் எழுந்து நின்று அந்தச் சுற்றை முடித்ததைப் பார்த்தபோதுதான் நான் அவருடைய ரசிகன் ஆனேன். 2021-இல் நடந்த மூன்றாவது சண்டையில் நான்காவது சுற்றிலேயே இரண்டு முறை விழுந்தும் 11-வதில் வைல்டரை முடித்தார். விழுந்து எழும் துணிச்சலில் இன்றைக்கும் அவருக்கு மேல் ஆள் இல்லை.

உயரம், கைநீளம் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஃபியூரி 206 சென்டிமீட்டர், உசிக் 191. கையை விரித்தால் ஃபியூரிக்குச் சுமார் 18 சென்டிமீட்டர் கூடுதல். காகிதத்தில் பார்த்தால் பெரியப்பா மகன் சொல்வதுதான் சரி.

கல்லூரியில் படித்தபோது எட்டு மாதம் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போனேன். முதல் மாதம் முழுக்க மாஸ்டர் கையுறையே தரவில்லை. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதன்மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகரவிட்டார். கால் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் அடி வரும் என்பார். அப்போது அலுப்பாக இருந்தது. பல ஆண்டு கழித்து, 2024 மே மாதம் ரியாத்தில் நடந்த அந்த முதல் ஃபியூரி–உசிக் சண்டையை நம் ஊர் விடிகாலையில் பார்த்து முடித்த மறுநாள், அது நினைவுக்கு வந்தது. ஒரு பழைய நாள்காட்டி அட்டையை லேப்டாப் திரையின் மேல்பாதியில் ஒட்டி, ஒலியையும் நிறுத்திவிட்டு, இருவரின் கால்களை மட்டும் 12 சுற்றும் பார்த்தேன்.

உசிக் இடக்கைக்காரர். அவருக்கு வலது கால் முன்னால். வலக்கைக்காரராக நிற்கும் ஃபியூரிக்கு இடது கால் முன்னால். இப்படி இருவர் எதிரெதிரே நின்றால் முன்கால்கள் இரண்டும் உரசுகிற தூரத்துக்கு வந்துவிடும். யாருடைய பாதம் மற்றவர் பாதத்துக்கு வெளிப்பக்கம் ஊன்றுகிறதோ அவருக்குத்தான் வழி திறக்கும். அவருடைய பின்கை எதிராளியின் தாடைக்கு நேராக வந்துவிடும், எதிராளியின் பின்கை சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். உசிக் இந்த இடத்துக்காகத்தான் சண்டை முழுக்கப் பாடுபடுகிறார். பெரிய தாவல் எதுவும் கிடையாது. அரையடி, காலடி நகர்வுகள்தான். பாதம் வெளியே ஊன்றும், இடது கை போகும், அடுத்த நொடி அவர் அந்த இடத்தில் இருக்க மாட்டார். ஃபியூரி ஒவ்வொரு முறையும் முழு உடம்பையும் திருப்பி அவரைத் தேட வேண்டும். 119 கிலோ உடம்பு.

நான்காவது சுற்றிலிருந்து ஆறு, ஏழு வரை சண்டை ஃபியூரி கையில்தான் இருந்தது. விலாவில் விழுந்த குத்துகளும் கீழிருந்து வந்த அப்பர்கட்டும் உசிக்கை நிஜமாகவே வருத்தின. அட்டைக்குக் கீழே பார்த்தால் மட்டும் வேறு கதை. உசிக்கின் கால்கள் அந்தச் சுற்றுகளிலும் வேகம் குறையவில்லை. எட்டாவதில் ஃபியூரியின் குதிகால் தரையில் பதிய ஆரம்பித்தது. ஒன்பதாவதில் ஓர் இடது கை. ஃபியூரி தள்ளாடி ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குப் போக, உசிக் கூடவே போனார். கயிறு தாங்காவிட்டால் ஃபியூரி விழுந்திருப்பார் என்று நடுவர் குறுக்கே வந்து எண்ணினார். எண்ணி முடித்த சற்று நேரத்தில் மணி அடித்துவிட்டது.

நடுவர் எண்ணினால், அடி வாங்கியவருக்கு அந்தச் சுற்றில் இன்னொரு புள்ளியும் குறையும். அந்த எண்ணிக்கையின் மதிப்பை மதிப்பெண் அட்டையில் பார்க்கலாம். ஒரு நீதிபதி 115-112 என்றும் இன்னொருவர் 114-113 என்றும் உசிக்குக்குக் கொடுத்தார்கள். மூன்றாமவர் 114-113 என்று ஃபியூரிக்குக் கொடுத்தார். எண்ணிக்கை இல்லாமல் அந்தச் சுற்றைச் சாதாரணமாக உசிக் வென்றிருந்தால் இரண்டாவது நீதிபதியின் அட்டை சமமாகி, சண்டையே டிரா ஆகியிருக்கும். கால் தளராத ஒருவர் ஒன்பதாவது சுற்றில் சம்பாதித்த ஒற்றைப் புள்ளியில்தான் 1999-க்குப் பிறகு ஹெவிவெயிட்டுக்கு ஒரே சாம்பியன் கிடைத்தார். லெனாக்ஸ் லூயிஸுக்கு அடுத்து இவர்தான். நான்கு அமைப்புகள் தனித்தனியே பட்டம் தரும் இந்த நான்கு பெல்ட் காலத்தில் முதல்வரும் இவரே.

கால் நிற்க வேண்டுமென்றால் எடை நிற்க வேண்டும். என் கட்சியை மாற்றியதில் பெரும் பங்கு இந்தக் கணக்குக்குத்தான். ஃபியூரி கிளிட்ச்கோவோடு மோதியபோது சுமார் 112 கிலோ. 2020-இல் வைல்டரை ஏழாவது சுற்றில் முடித்தபோது 124. உசிக்கோடு முதல் சண்டையில் 119, அதே ஆண்டு டிசம்பரில் மறுசண்டைக்கு 127. உசிக்கைப் பாருங்கள்: 2021-இல் ஜோஷுவாவோடு 100 கிலோ, 2024 டிசம்பரில் 102.5, 2025 ஜூலையில் 103. கனத்தோடு மேலே சாய்ந்து அழுத்துவது வைல்டரிடம் பலித்தது, ஏனென்றால் வைல்டர் பின்னால் போனார். உசிக் பக்கவாட்டில் போகிறார். மறுசண்டையில் மூன்று நீதிபதிகளும் 116-112 என்றார்கள். தான்தான் ஜெயித்தேன் என்று ஃபியூரி சொன்னார். நானும் அட்டையை எடுத்துவிட்டு இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். எனக்கு உசிக் எட்டு சுற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உசிக்குக்குப் பெரிய சண்டைகள் பலவும் அடுத்தவர் ஊரில்தான். பிரியேடிஸை ரீகாவில், காசியேவை மாஸ்கோவில், பெல்லுவை மான்செஸ்டரில், ஜோஷுவாவை லண்டனில் வென்றார். கூட்டம் முழுக்க எதிராளிக்குக் கத்தும்போதும் அந்தப் பாதம் அவசரப்படவில்லை.

எனக்கு உறுதியில்லாத இடங்கள் இரண்டு. ஒன்று, அடியின் கனம். ரிங் ஓரத்தில் உட்கார்ந்து நான் ஒரு ஹெவிவெயிட் சண்டைகூடப் பார்த்ததில்லை. திரையில் வேகம் தெரியும், கனம் தெரியாது. அதனால் யார் குத்து பலமானது என்ற வாதத்துக்குள் நான் போவதில்லை. இரண்டாவது, 2015-இன் ஃபியூரி. அந்த 112 கிலோ ஃபியூரி நன்றாகவே நகர்வார், முன்கையால் நேராக விடும் ஜாபை எங்கிருந்து வேண்டுமானாலும் விடுவார். அவரும் உசிக்கும் மோதியிருந்தால் என்று பெரியப்பா மகன் கேட்கும்போது என்னிடம் பளிச்சென்ற பதில் இல்லை. இருந்தாலும் ஃபியூரியின் 27 வயதுக் கால்களையும் உசிக்கின் 38 வயதுக் கால்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். 2025 ஜூலையில் வெம்ப்லியில், தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவரான டேனியல் டுபுவாவை உசிக் ஐந்தாவது சுற்றில் இரண்டு முறை தரையில் விழவைத்து முடித்தார். நான்கு பெல்ட்டும் மறுபடி அவரிடம் வந்தன. அந்தச் சண்டையையும் அட்டை ஒட்டிப் பார்த்துவிட்டேன். அட்டை இப்போது பெரியப்பா மகன் வீட்டில் இருக்கிறது.